அரக்கு வைத்த பார்சல்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சாக்கு சொல்லித் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. உண்மைக் காரணம் ஆணி இல்லைங்க, வெட்கம். என் முட்டாள்தனத்தால ஒரு நல்ல பொருள் உடைஞ்சு போச்சு. அதை எப்படி எழுதறதுன்னு தயக்கம்.

சரி, கொசுவத்தியைக் கொளுத்திக்கிறேன்.

2007-ஆம் வருஷம். கும்பகோணம் பக்கத்துல ஒரு ஊர். அங்கே ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர் வீட்டில் பழைய கிராமபோன் ப்ளேட்டுகள் இருக்குன்னு ஒரு நண்பர் மூலமா தெரிய வந்தது. போன்ல பேசினேன். எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, எங்கிட்ட 12 ப்ளேட்டு இருக்கு. கேட்கறதுக்கு மெஷின் இல்ல. நீங்க கேட்டுட்டு, சி.டி.ல போட்டுத் திருப்பித் தருவீங்கன்னா அனுப்பறேன்"னார். முதல்ல ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க சார், சரியா வருதான்னு பார்ப்போம்னு சொன்னேன். அவர் தேர்ந்தெடுத்தது எஸ்.ஜி.கிட்டப்பா பாடின ஒரு ப்ளேட்டு.

கிட்டப்பாவைப் பற்றி இங்கே பலருக்கும் தெரிஞ்சிருக்கும். 1906-ல் பிறந்து, நாடக மேடையைக் கட்டி ஆண்டு, 1933 டிசம்பரில் 27 வயசிலேயே போய்ச் சேர்ந்துட்டார். தமிழில் பேசும் படம் வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, அவர் எதிலேயும் நடிக்கலை. அதனால அந்தக் குரல் நமக்குக் கிடைக்கணும்னா அது இந்தக் கறுப்புத் தட்டு வழியாத்தான். வேற வழியே கிடையாது.

இப்படிப்பட்ட பொருளை அனுப்ப நான் சொன்ன யோசனை என்ன தெரியுமா? எங்கிட்ட எல்.பி. ரிக்கார்டு வந்த தட்டையான அட்டை உறை ஒண்ணு இருந்தது. அதைத் தபால்ல அவருக்கு அனுப்பி, "இதுக்குள்ள வெச்சு ஒட்டி அனுப்பிடுங்க சார்"னு சொன்னேன். அவரும் வாத்தியார் இல்லையா, சொன்னதைச் சொன்ன மாதிரியே செஞ்சார். மேலே சிவப்பு மையில் அழகான கையெழுத்தில் "உடையும் பொருள், கவனம்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தார்.

ஆறாவது நாள் பார்சல் வந்தது. கையில் வாங்கினதுமே தெரிஞ்சு போச்சு. உள்ளே இருந்து சலசலன்னு ஓட்டுத்துண்டு உரசுற சத்தம். பிரிக்காமலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு பெரிய துண்டு, கொஞ்சம் பொடி. லேபிளில் அவரோட அப்பா பேனாவால் போட்ட கையெழுத்து, சரியா நடுவில் ரெண்டாப் பிளந்திருந்தது.

அந்தப் பாட்டு வேற யாரோ சேகரிப்பாளர் புண்ணியத்தில் ஒலிநாடாவா கிடைச்சது, பிறகு கேட்டேன். ஆனா அந்தக் கையெழுத்து போட்ட ப்ளேட்டு உலகத்திலேயே ஒண்ணுதான்.

போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி விடுங்க தம்பி, துண்டைத் தூக்கிப் போட்றாதீங்க"ன்னார். திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

அன்னைக்கு ஆரம்பிச்சுது எனக்கு இந்தப் பைத்தியம். இந்த ப்ளேட்டு ஏன் இப்படி உடையுது? நூறு வருஷத்துக்கு முன்னாடி இதைக் கப்பலில் எப்படி அனுப்பினாங்க? தேடித் தேடிப் படிச்சதில் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் கீழே எழுதறேன். கடைசியில் பேக்கிங் முறையும் இருக்கு. அவசரக்காரர்கள் நேரா அங்கே போயிடலாம் :-)

அரக்கு மாளிகை

எல்.பி. ரிக்கார்டு வினைல், அதாவது பிளாஸ்டிக். வளைச்சா வளையும். 78 சுற்று வேகத்தில் ஓடுற பழைய ப்ளேட்டு அப்படி இல்லை. அது அரக்கு. ஆமாங்க, துரியோதனன் பாண்டவர்களுக்குக் கட்டிக் கொடுத்தானே, அதே அரக்கு.

பலாசு, இலந்தை, பூவம் மாதிரி மரங்களின் கிளையில் ஒரு சின்னப் பூச்சி லட்சக்கணக்கில் மொய்த்து, சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றி ஒரு பிசினைக் கசியவிடும். லட்சம் என்பதிலிருந்துதான் 'லாக்' என்ற பேரே வந்தது என்பார்கள். கிளையைச் சுரண்டி எடுத்து, கழுவி, உருக்கி, மெல்லிய தகடா இழுத்துக் காயவைச்சு உடைச்சா அதுதான் ஷெல்லாக். மரச் சாமானுக்கு பிரெஞ்சு பாலிஷ் போடும் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைக்கிறது இதைத்தான். இன்னைக்கும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துக் காட்டுப்புற மக்களுக்கு இது ஒரு வருமானம். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் அரக்குக்கென்றே 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்கன்னா, அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய வியாபாரமா இருந்திருக்கும்னு பார்த்துக்குங்க.

எடிசன் 1877-ல் பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடிச்சப்போ தட்டு கிடையாது, உருளை. பிறகு வந்த மெழுகு உருளைகள் கையில் அழுத்திப் பிடிச்சாலே கெட்டுப் போகும். 1887-ல் எமில் பெர்லினர் தட்டையான தட்டுக்கு மாறினார். முதலில் கெட்டி ரப்பரில் அச்சடிச்சுப் பார்த்தார், சரிப்படலை. அப்போ அமெரிக்காவில் சட்டைப் பொத்தான் செய்யற ஒரு கம்பெனி அரக்குக் கலவையை அச்சில் அழுத்திப் பொத்தான் பண்ணிக்கிட்டிருந்தது. 1890களின் நடுவில் பெர்லினர் அந்தக் கலவைக்குத் தாவினார். அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல உலகம் முழுக்கப் பாட்டு கேட்டது பொத்தான் சரக்கில்தான்!

ஆனா ப்ளேட்டு முழுக்க அரக்கு இல்லை. அரக்கு விலை அதிகம். கால் பங்கோ அதற்கும் குறைவோதான் அது. மீதி பெரும்பாலும் கல்மாவு: பலகைக்கல் தூள், சுண்ணாம்புக்கல் தூள். கறுப்புக்குக் கரித்தூள். பிடிப்புக்குக் கொஞ்சம் பஞ்சு இழை. இரும்பு ஊசியின் கனத்தைத் தாங்கறதுக்குத்தான் இந்தக் கல்தூள். அதாவது நாம தபாலில் அனுப்பப் பார்க்கிறது, பிசினில் குழைத்த ஒரு மெல்லிய கல் பலகை. கடினமா இருக்கும், ஆனா வளையாது. ஒரு ஓரத்தில் அடி பட்டா விரிசல் நேரா நடுவுக்கு ஓடும். இது தெரியாமத்தான் நான் அதை எல்.பி. உறையில் போடச் சொன்னேன்.

கோரமண்டல் கப்பலும் ஹானோவரும்

இந்தியாவில் ப்ளேட்டு பதிவு செய்ய வந்த முதல் பெரிய ஆள் பிரெட் கெய்ஸ்பர்க். லண்டன் கிராமபோன் கம்பெனி ஆள். 1902-ல் அவர் கிளம்பி வந்த கப்பலின் பேர் கோரமண்டல், நம்ம சோழமண்டலம்தான். அந்த வருஷம் நவம்பரில் கல்கத்தாவில் பதிவு நடந்தது. கௌஹர் ஜானின் புகழ்பெற்ற பதிவுகள் அப்போ எடுத்தவைதான்.

இப்போ கதையின் முக்கியமான இடம். பதிவு பண்ணினது மெழுகுத் தட்டில். மைக் கிடையாது, பாடகி ஒரு பெரிய கூம்புக்குள் கத்திப் பாடணும். அந்த அதிர்வு மெழுகில் கீறலாகும். அதை வெச்சு உலோக அச்சு எடுக்கணும், அச்சை வெச்சு ப்ளேட்டு அழுத்தணும். இந்த வசதி எதுவும் அப்போ இந்தியாவில் இல்லை. அதனால பாட்டு பதிஞ்ச மெழுகுத் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, கப்பலில் ஏற்றி, ஜெர்மனியில் இருந்த ஹானோவர் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள்.

யோசிச்சுப் பாருங்க. மெழுகு. செங்கடல் வெயில். கப்பலின் சரக்கறை. நம்ம ஊரு சங்கீதத்தின் முதல் பதிவுகள் இப்படி ஒரு பார்சலாத்தான் பிரயாணம் பண்ணியிருக்கு!

அங்கே இருந்த ஜெர்மன் தொழிலாளிக்கு எது யார் பாட்டுன்னு எப்படித் தெரியும்? அதுக்கும் ஒரு ஏற்பாடு. பாட்டு முடிஞ்சதும் பாடினவரே தன் பேரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லிடணும். அந்தக் கால ப்ளேட்டுகளின் கடைசியில் பாடகர் பேரைச் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அது பெருமைக்காகச் சொன்னதா நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். பார்சல் மேல விலாசம் எழுதற மாதிரிங்க அது! பெட்டி மாறினாலும், சீட்டு கிழிஞ்சாலும், குரலே சொல்லிடும் நான் இன்னாருன்னு.

1903-ல் அச்சடிச்ச ப்ளேட்டுகள் கப்பலில் திரும்பி வந்து விற்பனைக்கு வந்தன. 1904-05-ல் கம்பெனியின் அடுத்த பதிவுக் குழு சென்னைக்கும் வந்து தென்னிந்தியக் குரல்களைப் பதிவு செய்தது. அவையும் அதே மாதிரி கடல் தாண்டிப் போய்த்தான் திரும்பின. 1908-ல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இந்த அலைச்சல் குறைஞ்சது. 1920களின் கடைசியில் அது டம்டம் என்ற இடத்துக்கு மாறிப் பெரிசாச்சு.

இதில் ஒரு வேடிக்கை. அரக்கு நம்ம நாட்டுக் காட்டிலிருந்து கல்கத்தா துறைமுகம் வழியா ஐரோப்பா போகும். பாட்டும் அதே துறைமுகம் வழியாப் போகும். அங்கே ரெண்டையும் சேர்த்து அழுத்தி, ப்ளேட்டாக்கி, நமக்கே விற்பாங்க. பஞ்சு போய் மில் துணியா வந்த கதைதான் :-(

இன்னொரு ப்ளேட்டின் பயணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கோயம்புத்தூர் தாயின்னு ஒரு பாடகி. சென்னையில் பெரும் புகழோடு இருந்தவர், அந்தக் காலத்தில் நிறைய ப்ளேட்டு கொடுத்தவர். அவருடைய ப்ளேட்டு பாரிஸ் வரைக்கும் போச்சு. மொரீஸ் டெலாஜ்னு ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர். அவர் தாயியின் பதிவைக் கேட்டு மயங்கி, அதையே அடிப்படையா வெச்சு 'ராகமாலிகா' என்று ஒரு உருப்படியே எழுதினார். ஒரு தட்டு உடையாம பாரிஸ் போய்ச் சேர்ந்ததால நடந்த காரியம் இது. அந்த ஒரு பெட்டியை எவனாவது கப்பல் துறையில் தொப்புன்னு போட்டிருந்தா?

ஊருக்கு ஊர் ப்ளேட்டு

1930கள் நம்ம பக்கத்தில் ப்ளேட்டுக்குப் பொற்காலம். நாடகப் பாட்டு, கச்சேரி, காமிக் செட், தேசபக்திப் பாட்டு எல்லாம் வந்தது. பிற்காலத்தில் ஸ்டுடியோ கட்டிப் புகழ் பெற்ற ஏ.வி.மெய்யப்பன்கூட முதலில் இந்த வியாபாரத்தில்தான் இருந்தார். 1932-ல் பங்காளிகளோடு சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பிச்சு, ஓடியன் ப்ளேட்டுகளை வெளியிட்டார்.

கடை சென்னையிலும் மதுரையிலும். கேட்கிறவர் எங்கேயோ ஒரு கிராமத்துப் பெரிய வீட்டில். இடையில் ரயில் பார்சல், மாட்டு வண்டி, தபால். சாமான் வந்ததும் தபால்காரரிடம் காசு கொடுத்து வாங்கிக்கிற வி.பி.பி. முறை நம்ம நாட்டில் 1877-லேயே வந்துடுச்சு. எடிசன் இயந்திரம் கண்டுபிடிச்ச அதே வருஷம், பாருங்க பொருத்தத்தை.

அந்தக் காலப் பார்சல் ஞாபகம் இருக்கிறவங்க சொல்லுங்க. பெட்டியைக் காடாத் துணியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, தையல் ஓரமெல்லாம் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவாங்க. பெரிய தபாலாபீஸ் வாசலில் இதுக்குன்னே ஒருத்தர் ஊசி நூலோடு உட்கார்ந்திருப்பார். அவர் மெழுகுவத்தியில் காட்டி உருக்கற சிவப்புக் குச்சியும் அரக்கு. உள்ளே இருக்கிற கறுப்புத் தட்டும் அரக்கு. நம்ம பார்சல் உள்ளும் புறமும் ஒரே பூச்சியின் உபயம்!

போர் கற்றுக் கொடுத்த பாடம்

அரக்கை விட்டுட்டு வினைலுக்கு உலகம் மாற ஒரு முக்கியக் காரணம் தபால்தான்னு சொன்னா நம்புவீங்களா?

இரண்டாம் உலகப் போர். ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடிச்சதும், இந்தியாவிலிருந்து கப்பல் போறது கஷ்டமாச்சு. அரக்கு ராணுவத் தேவைகளுக்கும் வேணும். 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் ப்ளேட்டுக்கு அரக்கு உபயோகத்தை 70 சதவீதம் வெட்டிடுச்சு. பழைய ப்ளேட்டுகளைக் கொண்டு வந்து கொடுங்க, அரைச்சு உருக்கிப் புதுசு போடறோம்னு வீடு வீடா வசூல் நடந்தது. எத்தனை அபூர்வக் குரல்கள் அப்படிக் குப்பையோடு குப்பையா அரைபட்டுப் போச்சோ.

அதே சமயம் போர்முனையில் இருக்கிற சிப்பாய்களுக்குப் பாட்டு அனுப்பணும். அரக்குத் தட்டை அனுப்பினா போய்ச் சேரும்போது பாதி தூள். அதனால 1943 அக்டோபரில் 'வி-டிஸ்க்' என்று ராணுவமே தட்டு அனுப்ப ஆரம்பிச்சது. 12 அங்குலம், அதே 78 வேகம், ஆனா சரக்கு வினைல். ஊசியும் சேர்த்து வெச்சுக் கட்டி, கடல் கடந்து தீவுகளுக்கெல்லாம் அனுப்பினாங்க. 1949-ல் நிறுத்தற வரைக்கும் 80 லட்சத்துக்கு மேல போயிருக்கு. வளையற தட்டு உடையாமப் போய்ச் சேரும்னு உலகத்துக்கே நிரூபணம் ஆச்சு. 1948-ல் கொலம்பியா கம்பெனி வினைலில் எல்.பி. கொண்டு வந்தது. 1949-ல் ஆர்.சி.ஏ. கம்பெனியின் 45 சுற்றுச் சின்னத் தட்டு வந்தது. மேலை நாடுகளில் அரக்குத் தட்டு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஓய்ஞ்சு போச்சு. நம்ம நாட்டில் மட்டும் 1960களிலும் ஓடிக்கிட்டிருந்தது, சாவி கொடுக்கிற பெட்டிகள் வீட்டில் இருந்ததே, அதுக்காக. பீட்டில்ஸ் பாட்டைக்கூட 78 ப்ளேட்டா அச்சடிச்ச ஊரு நம்ம ஊரு. அதுக்கு இன்னைக்கு வெளிநாட்டில் அடிச்சுக்கிறாங்க.

சரி, எப்படிக் கட்டறது?

உடைஞ்ச பிறகு வந்த ஞானம். பல சேகரிப்பாளர்கள் கிட்டக் கேட்டும், நானே பண்ணிப் பார்த்தும் தெரிஞ்சுக்கிட்டது. அடிப்படை விதி ரெண்டே ரெண்டு: தட்டு வளையக் கூடாது, தட்டு நகரக் கூடாது.

1. ஆல்பத்தோடு அனுப்பாதீங்க. அந்தக் காலத்தில் ப்ளேட்டுகளைப் புஸ்தகம் மாதிரி தைத்த உறைகளில் வைப்பாங்க (பாட்டுத் தொகுப்புக்கு 'ஆல்பம்' என்ற பேரே அதிலிருந்துதான்). அதன் முதுகுப் பக்கக் கட்டை பட்டு ஓரம் பிறை மாதிரி கடிபட்டுப் போகும். தட்டைத் தனியா எடுங்க, ஆல்பத்தைத் தனியா அனுப்புங்க.

2. ஒவ்வொரு தட்டுக்கும் சுத்தமான காகித உறை. அனுப்பறதுக்கு முன்னாடி பளபளன்னு துடைக்கிறேன்னு ஸ்பிரிட் பக்கம் போயிடாதீங்க. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பாட்டு துணியோடு வந்துடும்.

3. நெளிவு அட்டையில் சதுரம் வெட்டிக்குங்க. 10 அங்குலத் தட்டுக்கு 12 அங்குலச் சதுரம், 12-க்கு 14. நாலு பக்கமும் ஒரு அங்குலம் அட்டை நீட்டிக்கிட்டு இருக்கணும், அடி அட்டை மேல விழணும், தட்டு மேல இல்லை.

4. இட்லி அடுக்கற மாதிரி அட்டை, தட்டு, அட்டை, தட்டு. மேலேயும் கீழேயும் மட்டும் ரெண்டு ரெண்டு அட்டை. ஒண்ணோட நெளிவு கிழக்கு மேற்கா இருந்தா இன்னொண்ணு தெற்கு வடக்கா. அப்போதான் எந்தப் பக்கமும் வளையாது. ஒரு கட்டுக்குப் பத்துத் தட்டுக்கு மேல வேண்டாம். கல்லு கனம் கனக்கும், பத்துத் தட்டே ரெண்டு கிலோ வந்துடும்.

5. நாலு பக்கமும் டேப் போட்டு, தட்டு வழுக்கி வெளியே வராதபடி கட்டுங்க. இறுக்க வேண்டாம். இறுக்கினா அந்த அழுத்தமே விரிசல் விட வைக்கும்.

6. அந்தக் கட்டைச் சுற்றி பபுள் ராப். குமிழ் நேரா தட்டு மேல படக் கூடாது, வெயிலில் அச்சு விழுந்துடும்.

7. அதை ஒரு சின்னப் பெட்டியில், அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டியில். இடையில் எல்லாப் பக்கமும் ரெண்டு அங்குலம் இடம் விட்டு, கசக்கின பேப்பரால் நல்லா அடைங்க. மூடிட்டுக் குலுக்கிப் பாருங்க. சின்னச் சத்தம் வந்தாலும் பிரிச்சு மறுபடி கட்டுங்க. சோம்பல் கூடாது. சலசல சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

8. பெட்டி தட்டையா இருக்கக் கூடாது, கனசதுரமா இருக்கணும். தட்டைப் பெட்டியைக் கண்டா யாருக்கும் சுழற்றி வீசத் தோணும், இல்லை அடியில் போட்டு மேல மூட்டை அடுக்கத் தோணும். குண்டுப் பெட்டியை அப்படிச் செய்ய முடியாது. சிவப்பு மையில் 'கவனம்' எழுதறது தப்பில்லை. ஆனா கட்டறப்போ அதைப் படிக்கத் தெரியாத ஆள்தான் தூக்கப் போறார்னு நினைச்சுக் கட்டுங்க.

9. சித்திரை வைகாசியில் அனுப்பாதீங்க. அரக்கு 75 டிகிரி வாக்கில் உருகும், அதுக்கு ரொம்ப முன்னாடியே இளகி வளைய ஆரம்பிக்கும். மூடின வேனும் தகரக் கூரையும் போதும், தட்டு அப்பளமாயிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்பறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷம் தாண்டின கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1904 ப்ளேட்டு அந்த வரையறைக்குள் வரக்கூடும். சந்தேகம் இருந்தா தொல்லியல் துறையில், இது தொல்பொருள் இல்லைன்னு சான்றிதழ் வாங்கிக்கிட்டு அனுப்புங்க.

மீதி பதினொண்ணு

2012-ல் அந்தத் தலைமையாசிரியர் காலமானார். அவர் மகள் சிங்கப்பூரில். காரியத்துக்கு வந்தவங்க எனக்குப் போன் பண்ணினாங்க. "அப்பாவோட ப்ளேட்டு பதினொண்ணு இருக்கு. விமானத்துல கையில எடுத்துட்டுப் போக இடமில்ல. நீங்கதான் கட்டி அனுப்பணும்னு அப்பா சொல்லியிருந்தாங்க அண்ணே"ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒண்ணை உடைச்சவன் கிட்டயே மீதியையும் கொடுக்கச் சொல்லியிருக்கார் மனுஷன். "ஒரு தடவை உடைச்சவன் மறுதடவை உடைக்க மாட்டான்"னு சொல்லுவாராம். பள்ளிக்கூடத்திலேயும் அவர் வழக்கம் அதுதானாம், கண்ணாடி டம்ளரை உடைச்ச பையன் கிட்டயே அடுத்த தடவையும் டம்ளரைக் கொடுப்பாராம்.

நேரில் போனேன். எல்லாம் 1930களின் ப்ளேட்டு, அப்போ எண்பது வயசு தாண்டலை, சட்டச் சிக்கல் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அட்டை வெட்டினேன். ஒரு தட்டில் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் முன்னாடியே இருந்தது. அதை மகளிடம் காட்டி, எழுதியும் வெச்சு, அதுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் கூடுதலா அட்டை கொடுத்தேன். ஆறு ஒரு கட்டு, அஞ்சு ஒரு கட்டு. ரெண்டு கட்டும் ஒரே பெட்டியில் வேண்டாம்னு ரெண்டு பெட்டியாக்கி, ஒரு வாரம் இடைவெளி விட்டு அனுப்பினேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு மிஞ்சட்டுமேன்னுதான்.

முதல் பெட்டி போய்ச் சேர 19 நாள் ஆச்சு. அந்த 19 நாளும் தூக்கத்தில் சலசல சத்தம்தான். அப்புறம் ஒரு ராத்திரி போன். "அண்ணே, ஆறும் முழுசா இருக்கு. அந்த விரிசல்கூட அப்படியே இருக்கு, நீளலை." ரெண்டாவது பெட்டியும் பத்திரமாப் போச்சு.

நாலு துண்டா உடைஞ்ச கிட்டப்பா என்னாச்சுன்னு கேப்பீங்க. எங்கிட்டத்தான் இருக்கு, அவர் சொன்ன மாதிரி தூக்கிப் போடலை. அமெரிக்காவில் கார்ல் ஹேபர்னு ஒரு இயற்பியல் விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் 2000களில் 'ஐரீன்' என்று ஒரு கருவி பண்ணியிருக்காங்க. ஊசியே வேண்டாம். தட்டின் கோடுகளை நுணுக்கமாப் படம் பிடிச்சு, கம்ப்யூட்டர் அதை ஒலியா மாற்றும். உடைஞ்ச தட்டைக்கூட, துண்டுகளைச் சேர்த்து வெச்சுப் படிக்க முடியும். துண்டு இருக்கிற வரைக்கும் குரலும் அதுக்குள்ளதான் இருக்கு. பெரியவருக்கு இந்தக் கருவியைப் பற்றியெல்லாம் தெரிஞ்சிருக்க வழியில்லை. இருந்தாலும் சரியாத்தான் சொல்லியிருக்கார்.

அந்த நாலு துண்டையும் எப்படி வெச்சிருக்கேன்னா, ஒவ்வொண்ணும் தனித்தனி உறையில், நடுவில் அட்டை, ரெண்டு பெட்டி. குலுக்கினா சத்தம் வராது. பார்த்துட்டேன்.

டிஸ்கி: உங்க தாத்தா வீட்டுப் பரணில் கறுப்புத் தட்டு இருந்தா படுக்க வைக்காதீங்க, புஸ்தகம் மாதிரி நேரா நிறுத்தி வைங்க. வித்துடலாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடுங்க. அனுப்பறதா இருந்தா மேலே இருக்கிற ஒன்பதையும் ஒண்ணு விடாமப் பண்ணுங்க. வேற நல்ல முறை தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க, சேர்த்துக்கிறேன்.